அட்டை தொங்கும் பக்கம்

பஞ்ச் மிஷின் ஓடும்போது அக்பர் யாரோடும் பேசமாட்டார். பேசினாலும் எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. எந்தெந்த ஊசி இறங்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்ல, மிஷின் ஒரே இடியில் அட்டை முழுக்கத் துளை போட்டுவிடும். வட்டவட்டமாக அட்டைத் துணுக்குகள் கீழே தகர டப்பாவில் உதிரும். அடித்து வந்த அட்டைகளை அவர் மனைவி ஜோஹரா பாயில் உட்கார்ந்து வரிசை மாறாமல் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடிந்தால் அது ஒரு நீண்ட சரம். அந்தச் சரம் தறிக்கு மேலே ஏறி, ஜக்கார்டுப் பெட்டியில் ஒவ்வோர் அட்டையாகப் படிந்து நகரும். துளை உள்ள இடத்தில் கொக்கி நூலைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் நூல் கிடந்த இடத்தில் கிடக்கும். தூக்கியதற்கும் கிடந்ததற்கும் நடுவில் ஜரிகை ஓடும். காஞ்சிபுரத்தில் மயிலும் மாங்காயும் பிறப்பது இப்படித்தான்.

அந்தக் கட்டடம் முன்பு நெல் மூட்டை அடுக்கிய கிடங்கு. ஊருக்கு வெளியே, திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில், புதிதாகப் போட்ட மனைகளுக்கு நடுவில் இருந்தது. டவுனில் வாடகை கட்ட முடியாமல் போனவர்கள் சேர்ந்து இதைப் பிடித்துப் பிளைவுட் வைத்துத் தடுத்திருந்தார்கள். முதல் அறை அக்பருடையது. அடுத்தது பிரவீனாவின் ஆரி எம்பிராய்டரி வேலை. கடைசியில் கிறிஸ்டோபரின் பிரிண்டிங். கரண்ட் பில் ஒன்று, யுபிஎஸ் ஒன்று, டீக்கு ஃபிளாஸ்க் ஒன்று. டிசைன் வேலை குறைந்த மாதத்தில் பிரவீனாவின் ஜாக்கெட்டுக்கு அக்பர் படம் வரைந்து கொடுப்பார். பிரவீனாவுக்கு வேலை இல்லாத மாதத்தில் அவள் ஜோஹராவோடு சேர்ந்து அட்டை கோப்பாள். ஊரடங்கின்போது கிறிஸ்டோபர் மாஸ்க்கில் பூ அச்சடித்து விற்றதில்தான் மூன்று வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

மேசை மேலிருந்த போன் அதிர்ந்து நகர்ந்தது. அக்பர் மிஷினை நிறுத்தினார்.

"பாய், கொஞ்சம் கடைக்கு வர்றீங்களா? இப்பவே." குமாரசாமி பட்டுக்கடையின் கணக்குப்பிள்ளை வேலாயுதம். குரல் தணிந்திருந்தது. "மொதலாளி கூப்புடறாரு."

"இன்னா விஷயம்?"

"வாங்களேன். போன்ல வேணாம்."

குமாரசாமியின் கடையில், மாடி அறையின் வெள்ளை விரிப்பில் ஒரு சேலை கிடந்தது. அரக்குச் சிவப்பு. முந்தி மட்டும் விரித்திருந்தது. நடுவில் தாமரை, இரண்டு பக்கமும் சங்கும் சக்கரமும். ஒரு கல்யாண வீட்டுக்கு ஒரே மாதிரி நெய்யச் சொன்ன சேலைகளில் முதலாவது. கல்யாணம் திருப்புட்குழியில், அவர்களுடைய பெருமாள் சன்னிதியில்.

அக்பர் குனிந்து பார்த்தார். பார்த்ததும் நிமிர்ந்தார். சங்கு இடப்பக்கம் இருந்தது.

பெருமாளின் வலது கையில் சக்கரம், இடது கையில் சங்கு. அவர் நம்மைப் பார்த்து நிற்பதால் நம் கண்ணுக்குச் சக்கரம் இடப்பக்கம், சங்கு வலப்பக்கம். அக்பர் முதல் முதலாக கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் நிரப்பிய நாளிலிருந்து இதை அப்படித்தான் போட்டு வருகிறார்.

"நான் இப்படிப் போடல மொதலாளி."

"பொடவை சொல்லுதே பாய்," என்றார் குமாரசாமி. சத்தம் போடவில்லை. அவர் யாரிடமும் சத்தம் போடுகிறவர் அல்ல. "பொண்ணோட தாத்தா நேத்து வந்து பிரிச்சுப் பார்த்தாரு. மாத்தி வெச்சிருக்கீங்களே, இதைக் கட்டிக்கினு எப்படிச் சன்னிதியில நிக்கறதுன்னு கேக்கறாரு."

"இது தில்லையம்மா தறிதானே? அட்டை எந்தப் பக்கம் தொங்குதுன்னு கேட்டேன். இடப்பக்கம்னு வேலாயுதம் சார்தான் சொன்னாரு."

வேலாயுதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தில்லையம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பாய். அட்டைய தாமலுக்கு அனுப்பிட்டோம். சத்யராஜ் தறிக்கு."

"என்கிட்ட சொல்லலையே."

கீழே கடையில் யாரோ ஒரு பெண்ணுக்கு நீலத்தில் காட்டு, நீலத்தில் காட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அக்பர் அங்கிருந்து நேராகத் தாமலுக்கு வண்டியை விட்டார். ஏரிக்கரை தாண்டி உள்ளே திரும்பினால் காலனி. சத்யராஜ் வீட்டில் தறி முன்னறையை முழுதாக அடைத்திருந்தது. ஆட்கள் பக்கவாட்டில் நுழைந்துதான் அடுப்படிக்குப் போக வேண்டும். சத்யராஜ் தறிக்குழியில் காலை விட்டபடி பொட்டலத்திலிருந்து பொரி தின்றுகொண்டிருந்தான்.

"வாங்க பாய். திட்டறதுக்கு வந்தீங்களா, திட்டு வாங்கிக்கினு வந்தீங்களா?"

"ரெண்டாவது."

"அப்ப உக்காருங்க. நம்ம கட்சி."

அக்பர் உட்காரவில்லை. மேலே பார்த்தார். கூரைக்குக் கீழே ஜக்கார்டுப் பெட்டி. அட்டைச் சரம் வலப்பக்கம் தொங்கியது.

ஜக்கார்டுப் பெட்டியில் இது ஒன்றுதான் சூட்சுமம். சரம் ஒரு பக்கமாகத்தான் தொங்க முடியும். தறிக்காரர் வீடுகளில் அது எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்வது சுவர். தில்லையம்மா வீட்டில் வலப்பக்கம் சுவர் இடிக்கும், அதனால் சரம் இடப்பக்கம். இங்கே இடப்பக்கம் அடுப்படிக் கதவு, அதனால் பெட்டியையே திருப்பி வைத்து, வலப்பக்கம் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெட்டி திரும்பினால் எல்லாம் திரும்பும். அங்கே இடக்கோடி நூலைத் தூக்கிய அதே துளை இங்கே வலக்கோடி நூலைத் தூக்கும். கண்ணாடியில் பார்த்த மாதிரி படம் மாறி விழும். மயிலானால் இந்தப் பக்கம் பார்ப்பது அந்தப் பக்கம் பார்க்கும். யானையானால் கிழக்கே போவது மேற்கே போகும். ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். சங்கு சக்கரத்தில் அப்படி முடியாது. அதனால்தான் அக்பர் எந்த வேலைக்கும் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். கேட்டால் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் வேலை.

"மாட்டும்போது உனக்குச் சந்தேகம் வரலையா சத்யா?"

"மாட்டுன்னாங்க, மாட்டுனேன். மயிலு, யானை, அன்னம் எல்லாம் அப்படித்தானே மாட்டறேன்?" சத்யராஜ் பொரியை நீட்டினான். "சங்கு எந்தக் கைன்னு எனக்கு இன்னா தெரியும் பாய்? சாமி வீதிக்கு வரும்போது எட்ட நின்னு பார்த்ததுதான். அதுவும் பூவுக்குள்ள மூஞ்சிதான் தெரியும்."

அக்பர் சரம் தொங்குவதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"எனக்குக் கூலி புடிப்பாங்களா பாய்?"

"தெரியலப்பா. கேக்கறேன்."

சாயங்காலம் குமாரசாமி அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க மேல தப்பில்ல. எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமா பார்க்கறேன்."

"அப்ப அந்தப் பெரியவர்கிட்ட சொல்லுங்க மொதலாளி."

"இன்னான்னு சொல்றது? தறிய மாத்துனேன், தாமல் காலனியில குடுத்தேன்னா? பெருமாள் பொடவைய யாரு நெய்யறான்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குப் பதில் நீங்க சொல்றீங்களா?" குமாரசாமி மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டினார். "டிசைன் போட்டவரு பாய், தெரியாம மாத்திப் போட்டுட்டாருன்னேன். பெரியவருக்குக் கோவமே வரல. 'அடடா, பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும்'னு அவரே சமாதானம் ஆயிட்டாரு. நல்ல மனுஷன்."

நல்ல மனுஷர் என்பது அக்பருக்கும் தோன்றியது. அதுதான் உறுத்தியது.

"புது ஆளை வெச்சுத் திருத்திடறோம்னு வாக்குக் குடுத்துட்டேன். டிசைன் போடற எடத்துலயே வந்து கண்ணால பார்க்கணும்ங்கறாரு. சக்கரத்துக்கு ஜுவாலை வேற சேக்கணுமாம். வியாழக்கிழமை வர்றாங்க."

"என் எடத்துக்கா?"

"சாஃப்ட்வேர் உங்க கம்ப்யூட்டர்லதானே இருக்குது? நம்ம வேலாயுதம் வந்து உக்காருவாரு. திருமண் இட்டுக்கினு வரச் சொல்லியிருக்கேன். நீங்க பக்கத்து ரூம்ல இருந்து ஏதாவது பண்ண முடியாதா? இந்தக் காலத்துல எவ்வளவோ வந்திருக்குது."

"அவரு மவுஸைப் புடிக்கவே பயப்படுவாரு மொதலாளி."

"அதான் உங்களைக் கேக்கறேன்." குமாரசாமி எழுந்துகொண்டார். "முடியாதுன்னா சொல்லிடுங்க, தப்பில்ல. ஆரணிக்காரன் ஒருத்தன் கேட்டுக்கினே இருக்கான். ஆனா அவன்கிட்ட குடுத்தா எல்லாத்தையும் சேர்த்துத்தான் குடுக்கணும். அட்டை, ஜாக்கெட், டப்பா பிரிண்டு எல்லாம். உங்க மூணு பேருக்கும் பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்கறது எனக்கும் அலைச்சல்தான்."

கிடங்கில் விஷயத்தைச் சொன்னபோது ஜோஹரா கோத்துக்கொண்டிருந்த கயிற்றை வாயால் கடித்து அறுத்தாள்.

"வேணாங்க. செய்யாத தப்புக்கு ஒளிஞ்சுக்கினு உக்காரணுமா? மயிலும் மாங்காயும் போட்டுப் பொழைப்போம்."

"மயில் யாரு குடுப்பா? அவருதான் குடுக்கணும்."

பிரவீனா வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள். விரலில் ஆரி ஊசி. "வேலாயுதம் சாரா? வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பறதுக்கே எங்கிட்டதான் போனை நீட்டுவாரு. அவரா டிசைனரு?" சிரித்தாள். யாரும் சிரிக்காததால் அவளும் நிறுத்திக்கொண்டாள். "எங்களுக்காகப் பார்க்காதீங்கண்ணா. உங்களுக்கு மனசு ஒப்பலன்னா..."

சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த ஜாக்கெட் துணி உள்ளே விளக்கில் மினுங்கியது. குமாரசாமி கடைத் துணி. கிறிஸ்டோபரின் அறையில் அதே கடைப் பெயர் போட்ட அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

"வயர்லெஸ் மவுஸ் இருக்குதா கிறிஸ்டோபர்?" என்று அக்பர் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"இருக்குதுண்ணே," என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை காலையிலேயே கிறிஸ்டோபர் தன்னுடைய மானிட்டரைக் கொண்டுவந்து பிரவீனாவின் மேசையில் வைத்தான். அக்பரின் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கேபிளைத் தடுப்புக்கு அடியில் விட்டு இழுத்தான். அங்கே தெரிவதெல்லாம் இங்கேயும் தெரிந்தது; வயர்லெஸ் மவுஸ் இங்கே அக்பரிடம். பழைய மவுஸின் வயரைப் பிடுங்கி, பார்ப்பதற்கு மாட்டியிருப்பது போல மேசைக்குப் பின்னால் தொங்கவிட்டான். வேலாயுதம் முன்னாலேயே வந்துவிட்டார். நெற்றி நிறையத் திருமண். வெள்ளைச் சட்டை, கஞ்சி மொடமொடப்பு. அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் மக்கா படம் போட்ட காலண்டர். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜோஹரா போய்க் காலண்டரைக் கழற்றினாள். சுருட்டவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

"எங்க சுவர்ல ஏசு இருக்காரு சார்," என்றாள் பிரவீனா. "இந்தப் பக்கம் வரமாட்டாங்களே?"

"நீ சும்மா இரும்மா." வேலாயுதம் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸின் மேல் கையை வைத்தார், சூடான பாத்திரத்தைத் தொடுவது போல. "பாய், நான் இன்னா பண்ணணும்?"

"கையை மெதுவா ஆட்டுங்க சார். பட்டனை அப்பப்ப அமுக்குங்க. ஸ்கிரீனையே பாருங்க, கையைப் பார்க்காதீங்க."

"நான் கேட்டுக்கல பாய் இதை. அவரு சொன்னாரு."

"தெரியும் சார்."

கார் வந்து நின்றது. வெளியே 'அக்பர் டிசைன்ஸ்' போர்டின் மேல் கிறிஸ்டோபர் ஒரு ஃபிளெக்ஸைக் கட்டியிருந்தான், மணமக்கள் பெயரோடு. குமாரசாமி அதைப் படித்துவிட்டுத் திருப்தியாகத் தலையை ஆட்டியது பிளைவுட் இடுக்கு வழியாக அக்பருக்குத் தெரிந்தது. பெரியவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். செருப்பை வாசலிலேயே விட்டார். கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் கும்பிட்டுக்கொண்டே நுழைந்தார்.

பிரவீனாவின் அறையில் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்பர் மானிட்டர் முன், ஜோஹரா தரையில், பிரவீனா கதவோரம். மெல்லிய பிளைவுட் தடுப்பைக் கடந்து பெரியவரின் குரல் வந்தது.

"முதல்ல திருப்புங்கோ. அதைப் பார்த்துடறேன்."

அக்பர் பொத்தானை அழுத்தினார். திரையில், காட்டுவதற்காகவே காலையில் தப்பாகத் திருப்பி வைத்திருந்த படத்தில், சங்கும் சக்கரமும் இடம் மாறின. பெரியவர் "ம்" என்று நீளமாக மூச்சு விட்டார்.

"இவ்வளவுதானா? இதுக்கா முதல்ல தப்பு நடந்தது?"

"முன்னாடி போட்டவருக்கு..." வேலாயுதம் நிறுத்தினார்.

"சொல்லுங்க வேலாயுதம்," என்றது குமாரசாமியின் குரல்.

"முன்னாடி போட்டவருக்கு வழக்கம் தெரியாதுங்க."

திரையில் அம்பு நின்றது. அக்பரின் ஆள்காட்டி விரல் மவுஸின் மேல் உயர்ந்து அப்படியே இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் வேலாயுதம் மவுஸைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு அவசரமாக.

"ஏன், நின்னுடுத்தா?" என்றார் பெரியவர்.

"ஸ்லோவா இருக்குதுங்க. கொஞ்சம்..."

ஜோஹரா அக்பரைப் பார்க்கவில்லை. பிரவீனா மட்டும் தன் சட்டத்தின் மேல் கிடந்த துணியைப் பார்த்தாள். பார்த்தது தெரியக்கூடாது என்று உடனே தலையைத் திருப்பிக்கொண்டாள். அக்பர் விரலை இறக்கினார். அம்பு நகர்ந்தது.

"ஆ, வந்துடுத்து. இப்ப ஜுவாலை போடுங்கோ. மேலே ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. எங்க பெருமாளுக்கு எரியற மாதிரி இருக்கும், தெரியுமோ?"

அக்பருக்குத் தெரியும். எந்தக் கோயில் சக்கரத்துக்கு ஜுவாலை எப்படி வளையும் என்று அவர் கம்ப்யூட்டரில் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருந்தார். கட்டம் கட்டமாக நிரப்ப ஆரம்பித்தார். ஒவ்வொரு சிவப்புக் கட்டமும் ஒரு துளை. நீண்ட ஜுவாலையில் இடையிடையே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டார். ஜரிகை நெடுக ஓடிவிட்டால் வளையலிலும் மோதிரத்திலும் மாட்டிப் பிரியும், அங்கங்கே ஒரு நூல் அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

"நடுவுல ஏன் புள்ளி விடறேள்?" என்று கேட்டார் பெரியவர்.

அக்பரின் உதடு அசைந்தது.

"அழகுக்குங்க," என்றார் வேலாயுதம்.

பெரியவர் யோசித்தார். "ஆமாம், அழகாத்தான் இருக்கு. நெருப்புப் பொறி மாதிரி." மகனிடம் திரும்பினார். "பார்த்தியாடா? தெரிஞ்சவா கை பட்டா தனி. பக்தி இருந்தாத்தான் இந்த வளைவு வரும். எத்தனை வருஷமா பண்றேள்?"

"பதினாறு வயசுலேர்ந்துங்க," என்றார் வேலாயுதம். அது அக்பர் எப்போதோ டீ குடிக்கும்போது அவரிடம் சொன்னது.

மேலே ஒன்று முடிந்தது. இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கத்து ஜுவாலை பாதியில் இருந்தது. இடுக்கு வழியாக ஒரு தாம்பாளம் தெரிந்தது. வெற்றிலை, பழம், மடித்த பட்டு வேட்டி. பெரியவர் தள்ளாடி எழுந்து நின்றார்.

"கையைக் குடுங்கோ."

"ஐயோ, வேணாங்க பெரியவரே."

"குடுங்கோன்னா."

பெரியவர் வேலாயுதத்தின் வலது கையை மவுஸிலிருந்து எடுத்தார். தன்னுடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். மகன் கண்ணை மூடிக் கும்பிட்டான். குமாரசாமியும் கும்பிட்டார். அவர்களுக்குப் பின்னால், யாரும் பார்க்காத திரையில், அம்பு கட்டம் கட்டமாக நகர்ந்து, நான்குக்கு ஒன்று காலியாக விட்டு, மிச்சமிருந்த ஜுவாலையை நிரப்பிக்கொண்டு போனது.